விடுமுறைக்கும் ஒரு வைப்புக் கணக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் ஒரு மாற்றம் தெரியும். கல்விக் கட்டணத்துக்காகவும் வீட்டுப் பழுதுக்காகவும் கடன் கேட்டு வருவோரின் வரிசையில், விடுமுறைப் பயணத்துக்காகக் கடன் கேட்போரும் சேர்ந்துகொள்வார்கள். பெங்களூருவில் நாங்கள் இப்போது பணியாற்றும் கிளையிலும் அப்படித்தான். சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர். பத்தாண்டுகளாக எங்களிடம் சம்பளக் கணக்கு வைத்திருப்பவர். அவர் கொடுத்த காசோலை ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

“சார், பசங்க இன்னும் கடலையே பார்த்ததில்ல. நீங்க விசாகப்பட்டினத்துல வேலை பார்த்தவங்கன்னு சொன்னாங்க. அங்கே ஒரு அஞ்சு நாள் போயிட்டு வரலாம்னு இருக்கோம். அறுபதாயிரம் தனிநபர் கடன் கிடைக்குமா?” என்று கேட்டார்.

கிடைக்கும். அவருடைய வருமானத்துக்கும், தவறாமல் தவணை கட்டிவந்த வரலாற்றுக்கும் ஓரிரு நாளில் பணம் கணக்கில் ஏறிவிடும். ஆயினும் விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்ட எங்களுக்குக் கை வரவில்லை. எதிரில் அமரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்று அவரிடம் பேசியவற்றைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

கடன் கொடுப்பது எங்கள் தொழில். வங்கி வெளியிடும் இதழிலேயே, விடுமுறைக்குக் கடன் வாங்காதீர்கள் என்று வங்கி அலுவலர் எழுதுவது வாசகர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். வீடு கட்டுவதற்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், தொழிலுக்கும் கடன் வாங்குவதை நாங்கள் ஊக்குவிக்கிறோம். அவற்றால் வரும் பயன், கடன் தீர்ந்த பின்னும் நிற்கிறது. எதிர்பாராத மருத்துவச் செலவுக்கு வாங்கும் கடனையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். விடுமுறைப் பயணமோ எதிர்பாராமல் வருவதில்லை. பள்ளிக்கு எந்த மாதம் விடுமுறை என்பது ஓராண்டுக்கு முன்பே நமக்குத் தெரியும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பயணத்தை ஓராண்டுக்கும் முன்னரே நாள் குறித்து, அதற்கென்று மாதந்தோறும் ஒதுக்கி, ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே சென்று வருவது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. கடன் வாங்கிச் செல்வது தவறு என்றால், ‘கையில் பணம் சேரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதும் அதே அளவு தவறு. முதல் தவற்றை எங்கள் மேசைக்கு எதிரில் அமர்ந்தவர்களிடம் கண்டிருக்கிறோம். இரண்டாவதை நாங்களே செய்திருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

முதலில் எண்களைப் பார்ப்போம். கீழே காட்டும் வட்டி விகிதங்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. அவை காலத்துக்கும் கடன் வாங்குபவருக்கும் ஏற்ப மாறும்.

60,000 ரூபாயை ஆண்டுக்கு 13 விழுக்காடு வட்டியில், 24 மாதத் தவணையில் கடனாகப் பெற்றால், மாதத் தவணை சுமார் 2,850 ரூபாய். இரண்டாண்டுகளில் திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகை சுமார் 68,450 ரூபாய். இதற்கு மேல் செயலாக்கக் கட்டணமும் அதன் மீதான வரியும் உண்டு. ஐந்து நாள் பயணத்துக்கு இருபத்து நான்கு மாதத் தவணை. அதற்குள் அடுத்த கோடை விடுமுறையும் வந்து போய்விடும். பழைய பயணத்தின் கடன் பாதிகூடத் தீர்ந்திருக்காது.

அதே குடும்பம் மாதம் 5,000 ரூபாய் வீதம் 12 மாதங்கள் தொடர் வைப்பில் செலுத்துவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு என்றால் முடிவில் சுமார் 62,100 ரூபாய் கையில் இருக்கும். ஒரே பயணம், ஒரு வழியில் எட்டாயிரத்துக்கு மேல் கொடுக்கிறோம், மற்றொரு வழியில் இரண்டாயிரம் பெறுகிறோம். ஐந்தாயிரம் ஒதுக்க இயலாதவர் இரண்டாண்டுகள் எடுத்துக்கொள்ளட்டும். கடனுக்காக மாதம் 2,850 ரூபாய் கட்ட முடிந்தவரால், அதையே வைப்பில் செலுத்தவும் முடியும். 24 மாதங்களில் அவருடைய கையிருப்பு 73,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

கடன் அட்டையின் கதை இன்னும் கடுமையானது. பயணச் செலவு முழுவதையும் அட்டையில் தேய்த்துவிட்டு, மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருபவர்கள் உண்டு. மாதத்துக்கு 3.5 விழுக்காடு வட்டி என்பது காதுக்குச் சிறிய எண்ணாகக் கேட்கும். ஆண்டுக்கு அது 42 விழுக்காடு. அதோடு, பழைய பாக்கி நிற்கும் வரையில் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலச் சலுகை கிடைக்காது. அடுத்த மாத மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்று பயண நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றனவே என்று கேட்கலாம். அந்த விளம்பரத்தைக் கண்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: முழுத் தொகையையும் உடனே கட்டினால் எவ்வளவு தள்ளுபடி? பல நேரங்களில் அந்தத் தள்ளுபடிதான் வட்டியின் இடத்தில் அமர்ந்திருக்கும். செயலாக்கக் கட்டணமும் வரியும் அதற்கு மேல்.

நாங்கள் தள்ளிப்போட்ட பயணம்

இனி, இரண்டாவது தவறு. இதை எழுதுவது எளிதாக இல்லை.

பணி மாற்றலில் நாங்கள் குடும்பத்துடன் மூன்றாண்டுகள் விசாகப்பட்டினத்தில் வாழ்ந்தோம். கடற்கரைச் சாலையிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. மாற்றல் செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா முதலில் கேட்டது, “அப்போ அந்த நீர்மூழ்கியைப் பார்க்கலாமா?” என்பதுதான்.

1971-ஆம் ஆண்டுப் போரின்போது அப்பாவுக்கு இருபத்து மூன்று வயது. விசாகப்பட்டினத்துக்கு அருகில் பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிய செய்தியை வானொலியில் கேட்டவர். அந்தப் போரின் கடற்படை வெற்றியை நினைவுகூரும் சின்னம் இன்று ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் நிற்கிறது. அதே சாலையில், மணல்மேட்டில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது ‘ஐஎன்எஸ் குர்சுரா’. 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்று, 2002 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் நீர்மூழ்கிக் கப்பல் அது. 91 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலின் ஒரு முனையில் படியேறி உள்ளே நுழைந்து, வட்ட வடிவக் கதவுகளில் குனிந்து, காலைத் தூக்கி வைத்து, மறுமுனையில் வெளியே வர வேண்டும்.

முதல் ஆண்டில் வீட்டு முன்பணம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று செலவுகள். ‘இங்கேதானே இருக்கப் போகிறோம், அடுத்த ஆண்டு அப்பாவையும் அம்மாவையும் வரவழைப்போம்’ என்றோம். இரண்டாம் ஆண்டில் கிளைத் தணிக்கை வந்தது. பிள்ளைக்குத் தேர்வு வந்தது. மூன்றாம் ஆண்டில் மீண்டும் மாற்றல் ஆணை வந்தபோதுதான் பதறிப்போய்ச் சீட்டுப் பதிவு செய்தோம். இடைப்பட்ட காலத்தில் அப்பாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டிருந்தன. அவர் வந்தார், கடற்கரைச் சாலையில் கைத்தடியுடன் மெல்ல நடந்தார், கப்பலின் வெளிப்புறத்தை முழுதாக ஒரு முறை சுற்றிப் பார்த்தார். நுழைவாயிலின் படிகளைக் கண்டதும், “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு எதிரிலிருந்த பெஞ்சில் அமர்ந்துகொண்டார்.

எங்கள் மகன் உள்ளே சென்று திரும்பி வந்து, பார்த்ததையெல்லாம் தாத்தாவுக்கு விவரித்தான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உள்ளே எண்ணெய் வாடை அடிக்குதாடா?” என்று கேட்டார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்தப் பயணத்துக்கு ஆன செலவு இரண்டு பேருக்கான தொடர்வண்டிக் கட்டணம். தங்குவதற்கு வீடு இருந்தது. பணம் எங்களுக்குத் தடையாக இருக்கவில்லை. முதல் ஆண்டிலேயே நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிடாததுதான் தடையாக இருந்தது. பிள்ளைகளின் வயதையும் பெற்றோரின் உடல்நிலையையும் எந்த வைப்பிலும் போட்டு வைக்க முடியாது. எந்த வயதில், யாருடன், எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தொகையும் தவணையும் அதற்கு ஏற்ப அமையும்.

நாளைக் குறிப்பது எப்படி?

விசாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம், மற்றக் கடற்கரை நகரங்களுக்கும் இந்த முறை பொருந்தும்.

கிழக்குக் கடற்கரை நகரங்களுக்குச் செல்வோர் முதலில் பார்க்க வேண்டியது வானிலை. மே மாதத்தில் அங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். அக்டோபரும் நவம்பரும் வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலம். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ‘ஹுத்ஹுத்’ புயல் அந்நகரைத்தான் தாக்கியது; விமான நிலையம் உள்படப் பெரும் சேதம். தசரா விடுமுறை அக்டோபரில் வருகிறதே என்று நீண்ட பயணத்தை அம்மாதத்தில் வைப்பவர்கள், பதிவை மாற்றவோ ரத்து செய்யவோ இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். அதிலும் டிசம்பர் கடைசி வாரத்திலும் சங்கராந்தியை ஒட்டிய நாள்களிலும் கூட்டம் மிகும்; அறை வாடகையும் ஏறும். பள்ளி விடுமுறை தொடங்கிய உடனே புறப்பட்டு, கிறிஸ்துமஸுக்குள் திரும்பிவிட முடிந்தால் நல்லது. கோடையில்தான் முடியும் என்பவர்கள் காலையும் மாலையும் மட்டும் கடற்கரை, நண்பகலில் ஓய்வு என்று வகுத்துக்கொண்டு, இரண்டு நாள்களை மலைமேல் உள்ள அரக்குப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கலாம்.

அடுத்தது பயணச்சீட்டு. தொடர்வண்டி முன்பதிவுக் காலம் முன்பு 120 நாள்களாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. இங்கே வைப்பின் முதிர்வு நாளைக் கவனிக்க வேண்டும். புறப்படும் வாரத்தில் முதிர்வடையும் வைப்பு, சீட்டு வாங்க உதவாது. பயணத்துக்கு மூன்று மாதங்கள் முன்னதாகவே தொகை கைக்கு வருமாறு தொடங்குங்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 20-இல் புறப்பாடு என்றால், இவ்வாண்டு செப்டம்பரில் தொடர் வைப்பைத் தொடங்க வேண்டும். அடுத்த செப்டம்பரில் அது முதிரும். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் முன்பதிவு திறக்கும்போது பணம் தயாராக இருக்கும். சம்பளம் வந்த மறுநாளே தவணை தானாகப் பிடிக்கப்படுமாறு கிளையில் எழுதிக் கொடுத்துவிடலாம். கைப்பேசிச் செயலியிலும் செய்துகொள்ளலாம். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

பணிபுரியும் அலுவலகத்தில் விடுப்புப் பயணச் சலுகை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான்காண்டுத் தொகுதி ஒன்றுக்கு இரு பயணங்களுக்கு இதில் வருமான வரி விலக்கு உண்டு. உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டுமே அது பொருந்தும். போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டுமே, தங்கும் செலவுக்கும் உணவுக்கும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இவ்விலக்குக் கிடைக்காது.

பிறகு, எதைப் பார்ப்பது என்பது. எங்கள் வீட்டுக்கு அந்த மூன்றாண்டுகளில் உறவினரும் நண்பரும் எத்தனையோ பேர் வந்தார்கள். மனநிறைவோடு திரும்பியவர்கள், குறைவான இடங்களைப் பார்த்தவர்களே. ஒரே நாளில் நீர்மூழ்கி, கைலாசகிரி கம்பிவட ஊர்தி, சிம்மாசலம், ருஷிகொண்டா என்று ஓடியவர்கள் மாலையில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டே வீடு திரும்பினார்கள். அரை நாளுக்கு ஓர் இடம் என்பதே போதுமானது. குர்சுராவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது போன்ற செய்திகளை முன்பே விசாரித்து வைத்தால் வீண் அலைச்சல் இராது.

அரக்குவுக்குக் காலையில் புறப்படும் தொடர்வண்டியில் செல்வதே தனி அனுபவம். பைலடிலா சுரங்கங்களின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்வதற்காக 1960-களில் போடப்பட்ட பாதை அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் வழியாக மலையேறுகிறது. இடையில் போரா சுண்ணாம்புக் குகைகள். மேலே, பழங்குடி உழவர்கள் விளைவிக்கும் காப்பித் தோட்டங்கள். அந்தக் காப்பிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலையில் சென்று இரவே திரும்பும் பயணம் முதியவர்களை வாட்டிவிடும். ஓர் இரவு மேலேயே தங்குங்கள்.

சிம்மாசலத்தில் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் வராக நரசிம்மரின் திருமேனி, அட்சய திருதியை அன்று மட்டுமே காப்பின்றிக் காட்சி தரும். முதலாம் குலோத்துங்க சோழனின் காலத்துக் கல்வெட்டும் அக்கோயிலில் உண்டு. பீமுனிப்பட்டினம் செல்லும் கடலோரச் சாலையில் தொட்லகொண்டா என்ற குன்றின் மேல் பழைய பௌத்த மடாலயத்தின் எச்சங்கள் உள்ளன. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை கடல்.

கடலில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. ராமகிருஷ்ணா கடற்கரையில் அலையின் இழுப்பு அதிகம். அங்கே கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிக்க விரும்புவோர், 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற ருஷிகொண்டாவுக்குச் சென்று, உயிர்காப்பாளர்கள் காட்டும் எல்லைக்குள் நிற்பதே அறிவுடைமை.

செலவைப் பிரிக்கும்போது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் கணக்கில் விட்டு வையுங்கள். காய்ச்சலும் வண்டித் தாமதமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தொடர்வண்டிச் சீட்டை இணையத்தில் பதிவு செய்யும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் வரும் விபத்துக் காப்பீட்டை மறுக்காதீர்கள். பதிவு முடிந்ததும் நியமனதாரரின் பெயரையும் நிரப்பி வையுங்கள். சமையலறையோடு கூடிய விடுதியை எடுத்தால் செலவு மிச்சம் என்று சிலர் எண்ணுவார்கள். அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் வீட்டு அம்மாதான். ஐந்து நாளும் அவர் அடுப்பின் முன் நின்றால் அது அவருக்கு விடுமுறை ஆகாது. அந்தப் பணத்தை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

முன்பணம் கேட்போரிடம் கவனம்

அவசரமாகத் திட்டமிடுபவர்களுக்கு நேரும் இன்னோர் இழப்பையும் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு, கடலோர விடுதி ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்து, அதில் கண்ட கைப்பேசி எண்ணுக்கு 8,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார் ஒரு வாடிக்கையாளர். படங்கள் அழகாக இருந்தன. பேசியவரும் மரியாதையாகப் பேசினார். ‘இன்னும் ஒரே அறைதான் மிச்சம்’ என்ற சொல் அவரைச் சிந்திக்க விடவில்லை. அந்த முகவரியில் விடுதியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, யூபிஐ ரகசிய எண்ணைப் பதியச் சொன்னபோது மேலும் 5,000 ரூபாய் போயிற்று.

பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; பணம் கொடுப்பதற்கு மட்டுமே தேவை. தேடுபொறியில் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களை நம்பாதீர்கள். விடுதியின் பெயரை வரைபடத்தில் பார்த்து, அங்கே சென்று வந்தோரிடம் விசாரித்து, இயன்றால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகளையோ நன்கறிந்த பதிவுத் தளங்களையோ பயன்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துவிட்டு, கிளைக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க முடிவது முதல் சில மணி நேரங்களில்தான். ஓராண்டுக்கு முன்பே திட்டமிடுபவரை ‘ஒரே அறைதான் மிச்சம்’ என்று சொல்லி யாரும் அவசரப்படுத்த முடியாது.

எல்லோருக்கும் இயலுமா?

மாதச் சம்பளமே வாடகைக்கும் பள்ளிக்கும் போதாதபோது விடுமுறைக்கு எங்கே ஒதுக்குவது என்ற கேள்வி நியாயமானது. அறுபதாயிரம் என்பது கட்டாயமான தொகை அன்று. மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கினாலும் ஓராண்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் சேரும். பெங்களூருவில் வசிப்பவருக்கு ஓர் இரவுப் பயணத்தில் மங்களூருவும் பணம்பூர் கடற்கரையும் இருக்கின்றன. இரண்டு பகல் கடலோரத்தில் கழித்துவிட்டுத் திரும்ப அத்தொகை உதவும். விசாகப்பட்டினத்திலும் எங்கள் விருந்தினர்கள் ஊருக்குத் திரும்பிய பின் நினைவு கூர்ந்தவை, பெரும்பாலும் செலவில்லாதவை: கடலுக்குள்ளிருந்து எழும் சூரியன், ‘டால்பின் மூக்கு’க் குன்றின் நிழலில் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல், மாலையில் மணலில் அமர்ந்து தின்ற காரப்பொரி.

இன்னொன்றும் செய்யலாம். தொடர் வைப்பின் விவரத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மாதம் ஒரு முறை அவர்களிடம் கணக்கைக் காட்டுங்கள். எதைப் பார்ப்பது என்பதில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தேர்வு இருக்கட்டும். பன்னிரண்டு மாதம் காத்திருந்து, தாங்களே தேர்ந்த இடத்தைப் பார்க்கும் பிள்ளை, பணம் எப்படிச் சேர்கிறது என்பதையும் அதனூடே கற்றுக்கொள்ளும். எங்கள் வங்கியின் நிதிக் கல்வி முகாம்களைவிட அது ஆழமாகப் பதியும் என்பது எங்கள் எண்ணம்.

தொடக்கத்தில் சொன்ன வாடிக்கையாளர் அன்று தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் புறப்பட்டார். வேறு வங்கிக்குத்தான் போகிறார் என்றே நினைத்தோம். மே முதல் வாரத்தில் மனைவியுடன் வந்தார். அந்தக் கோடையில் கையிலிருந்த பணத்தில் மங்களூரு என்றும், அடுத்த ஆண்டு டிசம்பரில் விசாகப்பட்டினம் என்றும் முடிவு செய்திருந்தார்கள். எவ்வளவு காலம் எடுக்கும் என்று கணக்கிட்டு, மாதம் 4,000 ரூபாயில் பதினைந்து மாதத் தொடர் வைப்பைத் தொடங்கினார்கள். இடையில் தீபாவளி மாதத்துத் தவணை தாமதமாகி, சிறு அபராதமும் கட்டினார். அதன் பிறகு தவறவில்லை.

சென்ற மாதம் கிளைக்கு வந்தவர், கணக்கைச் சரிபார்த்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்தார். “பசங்க பணம்பூர்ல கடலைப் பார்த்தாச்சு சார். இப்ப எங்க அம்மாவும் வரேங்கறாங்க. அவங்களுக்கு அறுபத்தாறு வயசு. அந்தக் கப்பலுக்குள்ள ஏறி இறங்க முடியுமா?” என்று கேட்டார்.

இப்போது நன்றாக நடக்கிறார்களா என்று கேட்டோம். நடக்கிறார்கள் என்றார். அப்படியானால் இந்த டிசம்பரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னோம்.